வீட்டிலும் அதே குரல்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் வருகிற குரல் யாருடையது என்று முடிவுசெய்ய ஒரு நீதிமன்றம் கூடியது. நீதிபதி, இரண்டு பக்கமும் வக்கீல்கள், தட்டச்சு செய்ய ஒரு பெண், கதவைத் திறந்து மூட ஒருவர் என்று இத்தனை பேர் அதற்குச் சம்பளம் வாங்கினார்கள். முதலிலேயே என்னைக் கேட்டிருந்தால் சம்பளம் இல்லாமல் சொல்லியிருப்பேன். கடைசியாகத்தான் கேட்டார்கள். அதற்குள் எனக்கே பதில் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

அவருடைய தொழில் அடுத்தவர் குரலில் பேசுவது. கம்பெனி ஆண்டு விழா, கடைத் திறப்பு, பிறந்தநாள் விருந்து, எங்கே கூப்பிட்டாலும் போவார். மந்திரி, விளையாட்டு வர்ணனையாளர், அழுகிற குழந்தை, ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர், எல்லாம் அவர் தொண்டைக்குள் குடியிருந்தன. விழா இல்லாத நாட்களில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பார். அங்கே அவருக்குப் பெயர் கிளி. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் பிழைத்தது ஊரில் இருப்பவர்கள் வாயால்.

அவருடைய சொந்தக் குரலை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அது கீச்சுக் குரல். எண்ணெய் போடாத கதவைத் திறந்தால் வருமே, அந்த ரகம். போனை எடுத்து ‘ஹலோ’ என்றால் எதிர்முனையில் ‘மேடம்’ என்பார்கள். அவரும் திருத்த மாட்டார். ‘சொல்லுங்க’ என்று மேடமாகவே பேசி முடித்துவிட்டு வைப்பார்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். முன்மேசையில் உட்கார்ந்து, ஆட்களை வரிசைப்படி உள்ளே அனுப்புகிற வேலை. எங்கள் மருத்துவமனை விழாவுக்குத்தான் அவர் முதன்முதலில் வந்தார். மேடையில் ஊர்ப்பட்ட குரல்களில் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டுக் கீழே இறங்கி, நேராக என்னிடம் வந்து, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?” என்று கீச்சிட்டார். இதுவும் ஏதோ வேஷம் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அதுதான் அவருடைய நிஜக் குரல் என்று புரிந்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீரோடு கேக்கும் கொடுத்தேன். அந்த வெட்கம்தான் எங்கள் கல்யாணம் வரை போனது.

இனி விளம்பரத்துக்கு வருகிறேன். குளியலறைத் தரை கழுவுகிற திரவம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, ஒரு பெரிய நடிகரிடம் போய் அவர்கள் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கச் சொல்லிக் கேட்டது. நாலு தலைமுறை பார்த்த நடிகர். அவர் பேசினால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாகத் தெருவைக் கடக்கலாம். அடிவயிற்றிலிருந்து எடுத்து, நெஞ்சில் ஒருமுறை உருட்டி, அப்புறம்தான் வெளியே விடுவார். அந்த நடிகர், ‘ராஜாவா நடிச்ச வாயால கக்கூஸ் கழுவச் சொல்றீங்களா?’ என்று கேட்டு அனுப்பிவிட்டார். கம்பெனிக்காரர்கள் அவர் வீட்டுப் படியை இறங்கி, கிளியின் வீட்டுப் படியை ஏறினார்கள்.

“அந்த நடிகர் பேசற மாதிரியே வேணும். கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியக் கூடாது” என்றார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இவரும் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிட்டார். ‘கறையே... உனக்கு... இனி இங்கே... இடமில்லை’ என்று அவர் சொன்னது டிவி, ரேடியோ, பஸ், கடை வாசல் என்று எங்கும் ஒலித்தது. திரவம் நன்றாக விற்றது. இது வேறொருவர் குரல் என்று கீழே பொடி எழுத்தில்கூட ஒரு வரி போடவில்லை. நடிகருடைய அக்காவே அவருக்குப் போன் செய்து, ‘உனக்கு ஏண்டா இந்த நிலைமை, கஷ்டம்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?’ என்று அழுதாராம். அடுத்த வாரமே கம்பெனி மேலும் கிளி மேலும் வழக்கு வந்துவிட்டது.

கம்பெனி தன் வக்கீலின் அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டது. ஏசி ஓடுகிற அறை, கண்ணாடி மேஜை, அதன் மேல் திரவத்தின் பாட்டில் ஒன்று. வக்கீல் விளம்பரத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு, “இது உங்க குரலா, அவர் குரலா?” என்றார்.

“உங்களுக்கு எது வேணும் சார்?” என்றார் என் வீட்டுக்காரர். தொழில் புத்தி எங்கே போகும்.

வக்கீலுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, விளக்க ஆரம்பித்தார். “ஒருத்தர் படத்தைக் கேக்காம போட்டா வழக்கு. பேரைப் போட்டா வழக்கு. குரலுக்கு இப்பதான் கிளம்பியிருக்காங்க. அவரை மாதிரியே வேணும்னு பேசி, அவர்தான் சொல்றார்னு ஜனங்களை நம்ப வெச்சு, சரக்கை வித்தா அது அவர் சொத்துல கை வெச்ச மாதிரின்னு சொல்வாங்க. போதாக்குறைக்கு நாம முதல்ல அவர்கிட்டயே போய்க் கேட்டிருக்கோம். அதைச் சொன்னா நாம காலி. ஆனா உங்க குரலே பிறவியில அப்படித்தான்னு வைங்க. அப்ப நீங்க யாரையும் காப்பி அடிக்கல. கடவுள் கொடுத்த வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“பிறவியில அப்படி இல்லையே” என்றேன் நான்.

வக்கீல் அப்போதுதான் என்னைக் கவனித்தார். “நீங்க யாரும்மா?”

“பெண்டாட்டி.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்கதான் சாட்சி.”

வீட்டில் ஒருவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்று சொல்லப் பெண்டாட்டியை விட யாருக்கு யோக்கியதை இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். கேள்வி நியாயம்தான். கூடவே ஒரு கட்டளையும் போட்டார். அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியேறும்போதே என் வீட்டுக்காரர் நடிகரின் குரலில்தான் பேச வேண்டும். தெருவில், கடையில், பஸ்ஸில், வீட்டில், எங்கேயும் குரல் மாறக் கூடாது. எதிர்க்கட்சிக்காரர்கள் எந்த மூலையில் ஆள் வைத்துப் பதிவு செய்வார்கள் என்று சொல்ல முடியாது. ஜெயித்தால் கம்பெனி அவரையே நிரந்தரக் குரலாக வைத்துக்கொள்ளும். தோற்றால் இனி எந்த விளம்பரக்காரனும் வாசல்படி மிதிக்க மாட்டான்.

“சரி... வருகிறோம்” என்று என் வீட்டுக்காரர் நடிகரின் குரலில் எழுந்தார். கீழே இறங்கியபோது லிப்ட்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார்.

அன்று சாயங்காலம் குளியலறைக்குள்ளிருந்து, “அம்மா... துண்டு... எங்கே?” என்று குரல் வந்தது. என் மாமியார் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “இது எந்தப் படம்? நான் பார்க்கலையே” என்றார். விஷயத்தைச் சொன்னேன். மாமியார் அந்த நடிகரின் ரசிகை. கல்யாணத்துக்கு முந்தின காலத்திலிருந்து ரசிகை. துண்டை எடுத்து மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். மகனுக்கு அவர் அதுவரை துண்டை வீசித்தான் பழக்கம்.

சாப்பாட்டு மேஜையிலும் மாற்றம் வந்தது. ‘ஒழுங்கா சாப்பிடுடா, காக்கா மாதிரி கொத்தாதே’ என்று நேற்று வரை திட்டிக்கொண்டிருந்தவர், ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா’ என்று கெஞ்சினார். என்னிடம் தனியாக வந்து, “இவன் என் வயித்துல பொறந்தவன்னு எனக்கு இப்பதான் நம்பிக்கை வருது” என்றார். பெற்றவளுக்கு நம்பிக்கை வர ஒரு வழக்கு தேவைப்பட்டது.

வெளியிலும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து, மோட்டாரை அதிக நேரம் ஓட விடுகிறோம் என்று கத்துவது வழக்கம். கத்தினால் இவர், ‘இல்லைங்க, வந்துங்க, நானுங்க’ என்று கீச்சிட்டுக்கொண்டே பின்னால் போவார். இந்த முறை நிலைப்படியில் நின்றபடி, “பார்க்கலாம்” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ஓனர் ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு, “நான் சும்மா ஞாபகப்படுத்தலாம்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு, போகிறபோது ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் முறுக்கிவிட்டுப் போனார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஒழுகிய குழாய் அது.

இதெல்லாம் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. குழாய் நின்றதில் சந்தோஷம்கூட. வேடிக்கை எங்கே கெட்டது என்றால், சண்டையில்.

எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. சண்டை முற்ற முற்ற அவர் குரல் மேலே மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் சொல் நின்றுபோய் வெறும் விசில் மட்டும் வரும். அவருக்கே சிரிப்பு வந்துவிடும், எனக்கும் வந்துவிடும். எந்தச் சண்டையையும் நாங்கள் பேசித் தீர்த்ததில்லை. இப்போது பால் வாங்க மறந்துவிட்டு வந்து நிற்கிறவரை, “காலையிலேர்ந்து சொல்றேன், காதுல விழுந்ததா இல்லையா?” என்று நான் கேட்டால், அவர் திரும்பி ஜன்னலைப் பார்க்கிறார். ஒரு ஆள் தெருவைக் கடக்கிற நேரம் போகிறது. “விழுந்தது... ஆனால்... மனம்தான்... வேறெங்கோ இருந்தது” என்கிறார். என் காதில் பின்னணி இசையே கேட்டது. பால் வாங்க மறந்தவர் அவர், மன்னிப்புக் கேட்டவள் நான். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தவளும் நான்தான்.

படுக்கையறையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பக்கத்திலிருந்து அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டபோது போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மாமியாருக்குப் பிடித்த நடிகர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்பாய்க் கொதித்தது உடம்பு. மருத்துவமனையில் நான் தினமும் பார்க்கிறவள், வலி வந்துவிட்டால் மனுஷனுக்கு வேஷம் போடத் தெரியாது. மானேஜரும் ஒரே மாதிரிதான் ‘ஐயோ’ என்பார், மூட்டை தூக்குகிறவரும் ஒரே மாதிரிதான் என்பார். அதனால் நெற்றியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு, அவருடைய கீச்சுக் குரலுக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், காய்ச்சல் குறைய வேண்டும் என்று வேண்டியதைவிட அதற்குத்தான் அதிகம் வேண்டினேன். அவர் முனகினார். நடிகரின் குரலில் முனகினார். நடுவில் இடைவெளிகூட விட்டார்.

காய்ச்சல் தெளிந்த பிறகு ஒருநாள், மாமியார் வெளியே போயிருந்த நேரம், அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். குழாயைத் திறந்துவிட்டேன், யாராவது பதிவு செய்தாலும் தண்ணீர்ச் சத்தம்தான் விழும் என்று.

“ஏங்க, உங்க குரல்ல ஒரு தடவை பேசுங்க.”

“எதற்கு?”

“சும்மா. எனக்குக் கேக்கணும் போல இருக்கு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். ஏதோ வந்தது. பாதி நடிகர், பாதி யாரோ. கீச்சு வரவில்லை. மறுபடி முயன்றார், இருமல் வந்தது. பிறகு என் தோளில் கையை வைத்து, “விடு... அந்தக் குரலால்... நமக்கு என்ன லாபம்... இருந்தது?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஓனர் பயப்படுகிறார், பெற்ற தாய் மதிக்கிறாள், பஸ்ஸில் இடம் கிடைக்கிறது. அவருக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? வாழ்நாள் முழுக்க மேடம் என்று கூப்பிடப்பட்டவர். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. அந்தக் கந்தையைத்தானே நான் கட்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழாயை மூடினேன்.

விசாரணைக்கு முன்னால் வக்கீல் எங்களைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: வீட்டில் அவர் பேசுவது இந்தக் குரலில்தான், கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

“சார், ஒரு சந்தேகம். ஜெயிச்சப்புறம் இவர் பழைய குரல்ல பேசலாமா?” என்றேன்.

“அது எப்படிம்மா? இதுதான் பிறவிக் குரல்னு கோர்ட்ல சொல்லி ஜெயிச்சுட்டு, அடுத்த நாள் வேற குரல்ல பேசினா கோர்ட்டை ஏமாத்தினதா ஆகிடுமே. மூணு பேரும் உள்ள போக வேண்டியதுதான்.”

“அப்ப எத்தனை நாளைக்கு?”

வக்கீல் என் வீட்டுக்காரரைப் பார்த்து வயதைக் கணக்குப் போட்டார். “அவர் இருக்கற வரைக்கும்” என்றார். நல்ல மனுஷன். “நூறு வயசு இருக்கட்டும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடி மேஜையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நாளன்று நீதிமன்ற வாசலில் கூட்டம் தெரு வரை நின்றது. நடிகர் காரிலிருந்து இறங்கினார். கையைத் தூக்கி, “நீதி... வெல்லும்” என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. என் பக்கத்தில் நின்ற மாமியாரும் கைதட்டினார். “அத்தை, அவர் நமக்கு எதிர்க்கட்சி” என்றேன். “அது வேற விஷயம்” என்றார் மாமியார்.

உள்ளே, விசாரணை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நீளமான மரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். சாட்சி என்பதால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரரும் வக்கீலும் முன்னாலேயே அறைக்குள் போய்விட்டார்கள். கூட்டத்தைக் காவலர்கள் வெளியிலேயே நிறுத்திவிட்டதால் தாழ்வாரம் அமைதியாக இருந்தது. நடிகரும் அவர் மனைவியும் வந்து, பெஞ்சின் அடுத்த கோடியில் உட்கார்ந்தார்கள். நடிகர் என்னைக் கவனிக்கவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டார்.

“மாத்திரை எடுத்துட்டு வந்தியா இல்லையா? இந்தப் புது ஷூ வேற உயிரை எடுக்குது” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பேசியது அவர்தான். மூக்கில் ஜலதோஷம் பிடித்த, சாதாரணமான, எங்கள் மருத்துவமனை வரிசையில் நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போகிற எவருக்கும் இருக்கக்கூடிய குரல். இடைவெளி இல்லை, உருட்டல் இல்லை. மனைவி பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, “ஷூவைக் கழட்டிக்குங்க, யாரும் பார்க்கல” என்றார். அவர் கழற்றிவிட்டு, கால் விரல்களை மடக்கி நீட்டினார். பிறகு கழிவறை எங்கே என்று பார்க்க எழுந்து, ஷூவைப் பாதி மாட்டிக்கொண்டு போனார்.

நான் மெதுவாக நகர்ந்து அந்த அம்மாவிடம் கேட்டேன். “தப்பா நினைக்காதீங்க. வீட்ல சார் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?”

அந்த அம்மா என்னை ரசிகை என்று நினைத்திருக்க வேண்டும். கனிவாகச் சிரித்தார். “பின்ன? அந்தக் குரலோட யாரும்மா குடித்தனம் பண்றது?”

குரலுக்குச் சொந்தக்காரரே அதைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போகிறார். வாங்கிப் போட்டுக்கொண்ட என் வீட்டுக்காரருக்குத்தான் காய்ச்சலில்கூடக் கழற்ற முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்குள் உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் ஏறினேன். உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். எங்கள் வக்கீல் விளம்பரத்தை ஒருமுறை போட்டுக் காட்டினார். ‘கறையே... உனக்கு... இனி இங்கே... இடமில்லை’ என்று நீதிமன்றம் அதிர்ந்தது.

“உங்க கணவர் வீட்ல எந்தக் குரல்லம்மா பேசறார்?”

“இதே குரல்லதாங்க.”

“உங்ககிட்ட? அவங்க அம்மாகிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

“காய்ச்சல் வந்தப்ப?”

“அப்பவும் இதே குரல்தான்.”

எல்லாம் உண்மை. வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, கம்பீரமாக இருந்தார். நடிகருடைய வக்கீல் ஒரு அம்மா, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர். எழுந்து வந்து, கையில் எந்தக் காகிதமும் இல்லாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எப்பலேர்ந்து?”

ஒத்திகையில் இருந்த கேள்விதான். பதிலும் தயாராக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்று சொன்னால் விளம்பரம் உண்டு, சம்பாத்தியம் உண்டு, ஓனர் தொல்லை இல்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நூறு வயது வரை இந்த முகத்திலிருந்து அந்தக் குரல் வருவதை நினைத்தேன். அவர் சாகும்போதுகூட என்னிடம் இடைவெளி விட்டுத்தான் விடைபெறுவார்.

“வக்கீல் சொன்ன நாள்லேர்ந்து” என்றேன்.

தட்டச்சுப் பெண் அதைத் தட்டி முடித்தாள். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

“ஐயோ, ஏம்மா இப்படிப் பண்ணே?”

கீச்சென்று, உச்சியில் ஏறி, ‘பண்ணே’யில் விசிலாகி நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீதிபதி தலையைத் தூக்கி அறையைப் பார்த்தார். அவர் பார்வை முதலில் பெண்கள் பக்கம்தான் போனது.

“யாரும்மா அது பேசினது?”

எங்கள் வக்கீல் என் வீட்டுக்காரரின் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து, நடிகரின் குரலில் ‘யாரோ... தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். நீதிபதி நம்பியிருப்பார், அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நம்புவார்கள். அவர் எழுந்து நின்றார். நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது, நிறையவே இருந்தது.

“நான்தாங்க” என்று கீச்சிட்டார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் வக்கீல் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பு பிறகுதான் வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு வேறு விஷயம் இருக்கிறது. விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார்கள். நடிகருக்குக் கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டும். எங்கள் வக்கீலை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, வெளியே வந்த வக்கீல் என்னிடம், “நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க. நான் உங்க வாயால கெட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் வியாபாரத்துக்காக அந்த நடிகரின் குரலில் இனி பேசக் கூடாது. மேடையில் வேடிக்கைக்காகப் பேசலாம், ஆனால் பேசுமுன் இது அவர் குரல் இல்லை என்று தன் சொந்தக் குரலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லும்போதே ஜனங்கள் சிரித்துவிடுகிறார்கள், அதனால் மேடை வேலைக்குக் குறைவில்லை. விளம்பர வேலை சுத்தமாக நின்றுவிட்டது. மாமியார் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். ஓனர் மறுபடி மாடியிலிருந்து இறங்கி வருகிறார்.

நான் சொல்ல வந்தது விசாரணை நாளன்று பஸ்ஸில் வந்ததைப் பற்றி. மாமியார் கோபித்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பியதும் அவர் ஆரம்பித்தார்.

“உனக்கு மூளை இருக்கா? கட்டின புருஷனைக் கோர்ட்ல வெச்சு இப்படியா பண்ணுவே? எவ்வளவு நாளாக் கஷ்டப்பட்டேன், தொண்டை வறண்டு போகக் கஷ்டப்பட்டேன், ஒரே வார்த்தையில போட்டு உடைச்சுட்டியே. இனிமே எவன் என்னைக் கூப்பிடுவான்? எவன் என்னை மதிப்பான்? சொல்லு, வாயைத் திறந்து சொல்லு.”

முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அவர் சொன்னதெல்லாம் நியாயம். ஒவ்வொரு வாக்கியமும் மேலே ஏறி ஏறி, உச்சியில் உடைந்து, மறுபடி கீழிருந்து தொடங்கியது. ஜன்னல் வழியாக எங்கள் தெரு முனை தெரிந்தது. பஸ் நின்றது, நாலைந்து பேர் இறங்கினார்கள். அவர் கவனிக்கவில்லை, திட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. பஸ் எங்களையும் ஏற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போனது.